கொழும்பில் பொருள், திருமலையில் காசு

திருகோணமலையில் இருந்துகொண்டு ஒன்லைனில் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அது அவ்வளவாக இல்லை. விளம்பரத்தில் பார்த்துப் பிடித்துப்போன பொருள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கும், இல்லாவிட்டால் நீர்கொழும்பில், கம்பஹாவில். நேரில் போய்ப் பார்ப்பதென்றால் ஹபறணை, தம்புள்ளை, குருநாகல் என்று சுமார் 260 கிலோமீற்றர் போக வேண்டும். பஸ்ஸில் 6, 7 மணித்தியாலம். இரவு ரயிலில் போனாலும் மறுநாள் வேலை கெடும். போய்வரும் செலவையும் லீவையும் கூட்டிப் பார்த்தால், "சரி, ஆள் நல்லாத்தான் கதைக்கிறார், காசைப் போட்டுவிடுவோம்" என்று மனசு சொல்லும். ஏமாற்றுகிறவன் காத்திருப்பது அந்த மனநிலைக்குத்தான்.

நான் என்.சி. வீதிப் பக்கம் சின்னதாக ஒரு போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற, பற்றரி மாற்ற வருகிறவர்களோடு வேறொரு வகை ஆட்களும் வருவார்கள். "தம்பி, போனில ஏதோ பிழை. இந்த ஒரு நம்பருக்கு மட்டும் லைன் போகுதில்லை. வட்ஸ்அப்பில படமும் காணாமப் போயிட்டுது" என்பார்கள். போனில் ஒரு பிழையும் இராது. எதிர்ப்பக்கம் புளொக் பண்ணியிருப்பான். விசாரித்தால், முதல் நாள்தான் அந்த நம்பர்க்காரனுக்குக் காசு போட்டிருப்பார்கள். அதை அவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் என் தொழிலில் எனக்குப் பிடிக்காத வேலை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு வாப்பா, மகளின் ஏ.எல். படிப்புக்கென்று லப்டொப் ஒன்றுக்குக் காசு கட்டியிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும், "இல்ல தம்பி, அவர் அப்படிப்பட்ட ஆள் மாதிரி இல்ல. அவருக்கு ஏதும் நடந்திருக்குமோ?" என்று கேட்டார். ஏமாற்றியவனுக்கு என்ன ஆனதோ என்று கவலைப்பட்ட அந்த மனிதரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அட்வான்ஸ் கதை. இது பழைய வித்தை, ஆனாலும் இன்றைக்கும் ஓடுகிறது. அரை விலைக்குப் போட்டால் சந்தேகம் வரும் என்று இவர்களுக்குத் தெரியும். அதனால் சந்தை விலையைவிடக் கொஞ்சம்தான் குறைப்பார்கள். குறைவுக்கு ஒரு காரணமும் தயாராக இருக்கும்: வெளிநாடு போகிறேன், அம்மாவுக்கு ஒப்பரேஷன், லோன் கட்ட வேண்டும். நீங்கள் கேட்ட அன்றைக்கே இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "5,000 ரூபாய் போட்டால் உங்களுக்கென்று வைக்கிறேன்" என்பான். நம்பிக்கைக்கு அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவான். அந்த அட்டை பெரும்பாலும் இதற்கு முன் அவனிடம் ஏமாந்த இன்னொருவருடையது. அவரும் இதேபோல நம்பிக்கைக்காகத் தன் அட்டையைப் படமெடுத்து அனுப்பியவராக இருப்பார். ஆகவே யாரும் அனுப்பும் அட்டைப் படத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். உங்களுடையதை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.

5,000 போன பிறகு கூரியர் சிலிப் ஒன்றின் படம் வரும். பிறகு கூரியர்க்காரன் என்று ஒருவன் பேசுவான்: காப்புறுதிக்கு இவ்வளவு, பாரத்துக்கு இவ்வளவு, பார்சல் வந்ததும் திருப்பித் தருவோம். ஏற்கெனவே போட்ட காசை விட மனமில்லாமல் மேலும் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் போட்டதோடு நிறுத்தியிருந்தால் தாங்கக்கூடிய நட்டமாக இருந்திருக்கும்.

தூரத்துப் பொருளை எப்படித்தான் வாங்குவது? திருமலைக் குடும்பங்களில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ ஒரு சொந்தக்காரர் இல்லாத குடும்பம் அரிது. சித்தப்பாவின் மகன், மனைவியின் அக்கா, ஊரிலிருந்து போய் அறை எடுத்திருக்கும் பொடியன் என்று யாராவது இருப்பார்கள். கல்யாண வீட்டுக்கு மட்டும்தான் அவர்களைத் தேட வேண்டும் என்றில்லை. "நாளைக்கு என் தம்பி வந்து பார்த்து, கையில் காசு தந்து எடுப்பான்" என்று விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். உண்மையான ஆள் நேரம் கேட்பார். மற்றவன் தான் இப்போது மாத்தளையில் நிற்பதாகச் சொல்வான். அனுப்ப யாரும் இல்லையென்றால் வீடியோ கோல் எடுத்து, ஒரு தாளில் உங்கள் பெயரையும் அன்றைய திகதியையும் எழுதி, பொருளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேறொருவரின் விளம்பரத்திலிருந்து படத்தை எடுத்துப் போட்டவனால் அது முடியாது. கமரா உடைந்திருக்கிறது என்பான், நெட் இல்லை என்பான். அத்தோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது நேரில் பார்த்தும் ஏமாறுகிற வகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டால் பயமில்லை என்று நம்மில் அநேகர் நம்புகிறோம்.

உப்புவெளிக்காரர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளை 4,80,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டார். மூன்றாவது ஆள் ஒருவன் அந்தப் படங்களை அப்படியே எடுத்து, 4,10,000 என்று தன் பெயரில் இன்னொரு விளம்பரம் போட்டான். மூதூரில் ஒருவர் அதைப் பார்த்து அவனுக்கு அழைத்தார். அவன் உடனே உப்புவெளிக்காரருக்கு அழைத்தான்: "அண்ணே, பைக் எனக்கு ஓகே. நான் கண்டியில நிக்கிறன், என்ர மச்சான் வந்து பார்ப்பார். அவருக்கு நான் குடுக்க வேண்டிய காசுக்குப் பதிலாத்தான் பைக்கை எடுத்துக் குடுக்கிறன். அதால விலையைப் பற்றி மட்டும் அவரோட கதைக்காதீங்கோ. காசை நானே உங்கட கணக்குக்குப் போடுறன்." மூதூர்க்காரரிடம் கதை வேறு: "பைக் உப்புவெளியில என்ர தம்பியிட்ட இருக்கு. அவன் காட்டுவான். வீட்டில பங்குப் பிரச்சினை, விலையைப் பற்றி அவனோட கதைச்சிடாதீங்க. பிடிச்சா காசை என்ர கணக்குக்குப் போடுங்க."

மூதூர்க்காரர் வந்தார். பைக் இருந்தது. சீ.ஆர். என்ற வாகனப் பதிவுப் புத்தகம் இருந்தது. சேசி இலக்கமும் சரி. ஓட்டிப் பார்த்தார், திருப்தி. விலையைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை, மரியாதைக்காக. வாசலில் நின்றபடியே 4,10,000 ரூபாயையும் போனில் அனுப்பினார். அதே நேரம் உப்புவெளிக்காரரின் போனுக்கு 4,80,000 அனுப்பியதாக ஒரு சிலிப் படம் வந்தது. கணக்கில் காசு இல்லை. இவர் பைக்கைக் கொடுக்க மாட்டேன் என்றார். அவர் காசு கொடுத்தாயிற்று என்றார். ஒருவரை ஒருவர் கள்ளன் என்று ஏசிக்கொண்டுதான் இருவரும் என் கடைக்கு வந்தார்கள், வட்ஸ்அப் செய்திகளைப் பிரதி எடுக்க. இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே நம்பர். இருவரும் அப்படியே அமைதியாகிவிட்டார்கள். அந்த நம்பர் அதற்குள் நின்றுபோயிருந்தது.

இந்த வித்தை முழுவதும் இருவர் கதைக்காமல் இருப்பதிலேயே தங்கியிருக்கிறது. "விலையைப் பற்றிக் கதைக்காதீங்க" என்று யாராவது சொன்னால், அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். "அண்ணே, நீங்க எவ்வளவு சொன்னீங்க? காசு யாருடைய கணக்குக்குப் போகுது?" வாகனமென்றால் புத்தகத்தில் உள்ள பெயர், எதிரில் நிற்கும் ஆளின் அடையாள அட்டை, காசு போகும் கணக்கு மூன்றும் ஒருவருடையதாக இருக்க வேண்டும். மச்சான், தம்பி, பொஸ் என்று நடுவில் ஒருவர் வந்தால் காசை அசைக்காதீர்கள். இன்னொன்று: பல வங்கி ஆப்களில் பெறுபவரின் பெயர் என்று நாம் தட்டுவது பெயருக்குத்தான். காசு கணக்கிலக்கத்தைப் பார்த்தே போகிறது. பெயரைச் சரியாக எழுதினேன், அதனால் சரியான ஆளுக்குப் போயிருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

விற்பவர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. சிலிப் படத்தை நம்பிப் பொருளைக் கொடுப்பது இப்போது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சிலிப் என்பது ஒரு படம், அவ்வளவுதான். எழுத்தை மாற்ற ஐந்து நிமிஷம் போதும். வங்கியிலிருந்து வந்ததுபோல எஸ்.எம்.எஸ். ஒன்றும் அனுப்புவார்கள். உங்கள் ஆப்பைத் திறந்து, மீதி கூடியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இங்கே வங்கிக்கு வங்கி, சீஃப்ட்ஸ் என்ற ஒன்லைன் பரிமாற்ற முறை வழியாகப் போகும் காசு உடனுக்குடன் சேர்ந்துவிடும். "போட்டாச்சு, நாளைக்குத்தான் காட்டும்" என்றால், சரி, நாளைக்குக் காட்டிய பிறகு பொருளைத் தாருங்கள். நல்ல வாங்குநர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

காசோலையில் இன்னும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேறு ஊர்க் கிளையில் உங்கள் கணக்குக்குக் காசோலை போடுவான். உங்களுக்கு வைப்புச் செய்தி வரும், தொகையும் தெரியும். ஆனால் காசோலை தெளிய வேலை நாள் வேண்டும். சனி, ஞாயிறு, திங்கள் போயா என்று வந்தால் செவ்வாய்க்கிழமைதான் அது திரும்பி வந்த கதை தெரியும். பொருள் வெள்ளிக்கிழமையே போயிருக்கும். அந்நியரிடம் காசோலை வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. இதில் விதிவிலக்கு வைக்கத் தேவையில்லை.

கைக்காசுதான் நல்லது, ஆனால் 5,000 ரூபாய்த் தாள்களில் கள்ள நோட்டுப் பயமும் இருக்கிறது. அதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, உங்கள் வங்கியின் காசு வைப்பு இயந்திரத்துக்கு முன்னால் சந்திப்பது. வாங்குபவர் உங்கள் கண் முன்னால் தாள்களை இயந்திரத்தில் போடட்டும். அது எண்ணும், பிழையான தாளைத் திருப்பித் துப்பும், உங்கள் கணக்கில் சேர்க்கும், சிலிப்பும் தரும். கமரா இருக்கிறது, காவலாளி இருக்கிறார். வெளிச்சம் போன பிறகு கடற்கரையில் சந்திப்போம் என்றோ, ஆள் நடமாட்டமில்லாத ஒழுங்கைக்கு வாருங்கள் என்றோ சொன்னால் போகாதீர்கள். பெண்கள் தனியே போகவே வேண்டாம், கூட ஒருவரை அழைத்துப் போங்கள்.

இன்னொரு வகையில் வாங்குபவன் வரவே மாட்டான். விளம்பரம் போட்ட அரை மணித்தியாலத்தில் வட்ஸ்அப்பில் வருவான். பேரம் பேச மாட்டான், பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டான். "கூரியர்க்காரர் வந்து எடுப்பார், காசு இந்த லிங்கில் இருக்கிறது, பெற்றுக்கொள்ளுங்கள்" என்பான். லிங்கைத் தட்டினால் நீங்கள் விளம்பரம் போட்ட தளத்தைப் போலவே, அல்லது ஒரு கூரியர் கம்பனியைப் போலவே ஒரு பக்கம் திறக்கும். அட்டை இலக்கம், பின்பக்கத்து மூன்று இலக்கம், பிறகு போனுக்கு வரும் ஓ.டி.பி. என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். காசு பெறுவதற்கு அட்டையின் பின்பக்க இலக்கமோ ஓ.டி.பி.யோ ஒருபோதும் தேவையில்லை. கணக்கிலக்கம், பெயர், வங்கி, கிளை போதும். வட்ஸ்அப் சரிபார்ப்புக்கு வரும் 6 இலக்கக் குறியீட்டையும் இதே மூச்சில் கேட்பார்கள். கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவன் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் மாமாவிடமும் கூட்டாளிமாரிடமும் "அவசரமாக ஒரு 20,000 போடுங்க" என்று செய்தி போகும்.

என் தொழில் போன் என்பதால் பழைய போன் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம். கையில் வாங்கியதும் *#06# தட்டுங்கள். வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, பெட்டியில் உள்ளதோடும் பில்லோடும் ஒப்பிடுங்கள். பிறகு ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த 15 இலக்கம், இதை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அந்தக் கருவியின் பதிவு பற்றிப் பதில் வரும். அடுத்து, விற்பவரே உங்கள் முன்னால் தன் கூகிள் கணக்கை, ஐபோன் என்றால் ஐகிளவுட்டை, போனிலிருந்து எடுக்க வேண்டும். "ரீசெட் பண்ணித்தான் வைத்திருக்கிறேன்" என்ற சொல்லை நம்பாதீர்கள். பழைய கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்த போன், திரும்ப எழும்பும்போது அதே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அது தெரியாவிட்டால் போன் வெறும் கண்ணாடித் துண்டு. என்னிடம் கொண்டுவந்தாலும் நான் திறந்து தர மாட்டேன், அது களவு போனதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உங்கள் சிம்மைப் போட்டு, உங்கள் கணக்கால் உள்ளே போய், முகப்புத் திரை வரும்வரை பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுங்கள். ஐபோனில் ஜெனரல், எபவுட் என்று போனால் மாற்றப்பட்ட பற்றரி, திரை பற்றிய குறிப்பு பல மொடல்களில் காட்டும். அவசரப்படுத்துகிறவர்கள் இந்த இடத்தில்தான் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஒரு தாளில் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், போனின் ஐ.எம்.ஈ.ஐ. எண், தொகை எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். களவு போன போன் என்று பின்னால் பொலிஸ் தேடி வந்தால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

வாகனம் என்றால் சீ.ஆர். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தைப் பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் அங்கே இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. 1919க்கு வி.ஈ.எச். என்ற ஆங்கில எழுத்துகளோடு வாகன இலக்கத்தை அனுப்பினால் விபரம் வரும். "ஓப்பன் பேப்பர்" என்று கையெழுத்து மட்டும் போட்டு, பெயர் மாற்றாமல் கைமாறும் வாகனத்தை எடுக்காதீர்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வாகனங்களுக்கு நல்ல விலை ஏறியது, அந்த விலையோடு கள்ளப் புத்தகங்களும் வந்தன.

எங்கள் பக்கத்துக்கே உரியது போட் இன்ஜின். மாரிக் கடல் குழம்பியிருக்கும் மாதங்களில் நிலாவெளி, குச்சவெளி வாடிகளில் இன்ஜின்கள் கைமாறும். இப்போது அதுவும் பேஸ்புக்கில்தான். அவுட்போர்ட் இன்ஜினைப் போட்டில் பூட்டுகிற பிறாக்கெட்டில் சீரியல் இலக்கத் தகடு இருக்கும். தகடு இல்லாவிட்டால், அல்லது ரிவெட் புதிதாக மின்னினால், விலை எவ்வளவு இறங்கினாலும் தொடாதீர்கள். அது இன்னொரு மீனவக் குடும்பத்தின் சோறாக இருக்கலாம். போட்டோடு சேர்த்து விற்றால், கடற்றொழில் திணைக்களப் பதிவிலக்கம் விற்பவர் பெயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். திருகோணமலைப் படகுகளின் இலக்கம் டி.சி.ஓ. என்று முடியும்.

வீட்டிலிருந்து கேக், சாரி, பிளவுஸ் விற்கும் தங்கச்சிமாருக்கு ஒரே ஒரு சொல். பெரிய ஓடர்களுக்குப் பாதி முன்பணம் கேட்க வெட்கப்படாதீர்கள். பார்சலைக் கட்டும்போது உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்பதை வீடியோ எடுத்து வையுங்கள். வாங்குகிறவர்களும் பிரிக்கும்போது எடுக்கலாம். கூரியர்க்காரரிடம் காசைக் கொடுத்த பிறகுதான் பார்சலைத் திறக்க முடிகிறது, அதற்குப் பிறகு செங்கல் வந்தது என்றால் ஆதாரம் கேட்பார்கள்.

சரி, காசு போய்விட்டது என்று வையுங்கள். முதல் வேலை உங்கள் வங்கிக்கு அழைப்பது. பேஸ்புக்கில் எழுதுவது பிறகு. ஏமாற்றுகிறவர்கள் காசை ஏ.டி.எம்.மில் எடுக்க அதிக நேரம் வைப்பதில்லை. அதற்குள் மற்ற வங்கியோடு பேசி நிறுத்த முடிந்தால் உண்டு. கோபத்தில் வட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவைதான் உங்கள் சாட்சி. விளம்பரத்தின் லிங்க், அவனுடைய பக்கத்தின் லிங்க், நம்பர், கணக்கிலக்கம், நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் பிடித்து, பிரதி எடுத்து, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். தமிழிலேயே கொடுக்கலாம், அது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்துப் பார்த்துவிட்டு, விளங்கினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். போலிக் கணக்கு, லிங்க் விவகாரங்களுக்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 என்ற இலக்கமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம் 2008ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது, "இதுக்கெல்லாம் சட்டம் இல்லை" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. சின்னத் தொகைதானே, ஊருக்குத் தெரிந்தால் வெட்கம் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் 5,000 ரூபாயும் வேறு நூறு பேரின் 5,000 ரூபாயும் ஒரே கணக்குக்குப் போயிருக்கக்கூடும். முறைப்பாடுகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு பொலிஸின் கண்ணில் படும்.

அந்தக் கணக்கு யாருடையது என்று தேடிப் போனால் பெரும்பாலும் கிடைப்பது ஏமாற்றியவன் இல்லை. வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு இளைஞனோ, சின்னக் கடை வைத்திருக்கும் அக்காவோ இருப்பார்கள். "உங்கட கணக்குக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்துத் தந்தா கமிஷன்" என்று யாரோ கேட்டிருப்பான், இல்லையென்றால் ஏ.டி.எம். அட்டையையே மாத வாடகைக்கு வாங்கியிருப்பான். சட்டத்தின் முன்னால் கணக்குக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம்வரை அது போகலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதில் மாட்டுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. அப்படி யாராவது கேட்டு நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், இன்றைக்கே வங்கிக்குப் போய் அட்டையை நிறுத்துங்கள், நடந்ததை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியில் சீல் வாங்கி வையுங்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், இருந்து எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.